மாதம் ஓர் அங்குலமாகத் திரும்பிய கை

சட்டைப் பையில் இடது கையை விட்டால் மற்ற விரல்கள் உள்ளே போய்விடும். சுண்டுவிரல் மட்டும் பையின் விளிம்பில் மாட்டிக்கொண்டு வெளியே நிற்கும். எனக்கு வந்த நோயின் முதல் அடையாளம் இவ்வளவுதான். வலி இல்லை, வீக்கம் இல்லை. ஒரு விரல் சொன்னதைக் கேட்கவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். தலைநகரில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் நான் கம்பாசிட்டர் (ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோர்ப்பவன்). பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் இங்கே வந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் தமிழும் மலையாளமுமாக எழுத்துகளைத் தலைகீழாக வாசித்துப் படித்ததுதான். அதனால் இந்தக் கட்டுரையில் எங்காவது வைத்தியம் தெரிந்தவன் போலப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் வேலையில் இடது கைக்குப் பெரிய வேலை இல்லை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வலது கை எழுத்தைப் பொறுக்கும். இடது கை ஸ்டிக் என்ற சிறிய இரும்புத் தட்டைப் பிடித்திருக்கும். ஆனால் கடைசியாக வைத்த எழுத்து சாயாமல் அழுத்திக்கொண்டிருப்பது இடது கையின் கட்டைவிரல். அது ஒரு கணம் அசந்தால் வரி முழுவதும் தரையில்.

எனக்கு வாரத்துக்கு ஒரு முறை கொட்டிய வரி, பிறகு தினமும் கொட்டியது.

"எடோ ஆறுமுகம், இன்னைக்கும் கொட்டியோ?" என்பார் எங்கள் ஃபோர்மேன் குட்டன் பிள்ளை. வாயில் வெற்றிலை இருந்தாலும் வார்த்தை தெளிவாக விழும். "உன்றெ சுண்டுவிரலைப் பாரு. அது தனிக்குடித்தனம் போயாச்சு. மத்த நாலும் கூட்டுக்குடும்பம்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நன்றாகச் சொன்ன வார்த்தை, என்னைப் பற்றியதானாலும் எனக்குப் பிடிக்கும். அன்று மாலையே ஸ்டிக்கை எழுத்துப் பெட்டியின் சட்டத்தில் சாய்த்து வைத்து வேலை செய்யப் பழகிக்கொண்டேன். கட்டைவிரல் அழுத்த வேண்டியதை மரம் அழுத்தியது. இப்படி நான்கு மாதத்தை ஓட்டினேன்.

உங்களில் யாராவது இப்போது இப்படி ஒரு சட்டத்தில் கையைச் சாய்த்துக்கொண்டிருந்தால், இந்த வரியோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

நான் ஏன் போகவில்லை என்று சொல்ல வேண்டும். சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு தபால்காரர் இருந்தார். அவருக்கும் முதலில் சுண்டுவிரல்தான் மரத்தது, பிறகு மடங்கியது. ஒரு நாள் அவருடைய தட்டையும் செம்பையும் தனியாக வைத்தார்கள். இன்னொரு நாள் வடக்கே பெருநோய் ஆஸ்பத்திரிக்கு (குஷ்டரோகிகளை வைத்துப் பார்க்கும் இடம்) அவரைக் கொண்டுபோக வண்டி வந்தது. அதற்குப் பிறகு அவர் பெயரை அவர் வீட்டிலேயே யாரும் சொல்லவில்லை. தபால் மட்டும் வந்துகொண்டிருந்தது, வேறொருவர் கையில்.

என் வீட்டில் அப்போது கைக்குழந்தை. பெயர் வள்ளி. பிறந்து இரண்டு மாதம்.

சும்மா இருக்க முடியாத காலம் அது. கரமனையிலிருந்து அச்சகத்துக்கு நடக்கும் வழியெல்லாம் சுண்டுவிரலைச் சுவரில் உரசிக்கொண்டே போவேன். தெரிகிறதா, தெரியவில்லையா? கிணற்றுத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பேன். பேசிக்கொண்டிருக்கும்போது நகத்தால் கிள்ளுவேன். எதிரே இருப்பவர் சொன்னது காதில் விழாது, கிள்ளியது மட்டும் விழுந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு நூறு முறை என்னை நானே பரிசோதித்தேன். நூறு முறையும் விடை பிடிக்காமல் மறுபடி முதலிலிருந்து.

கடைசியில் குட்டன் பிள்ளைதான் வற்புறுத்தி அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் வராந்தாவில் கை மரத்தவர்கள் எல்லாரும் ஒரு பெஞ்சில். அங்கே கேட்ட பேச்சை இன்றும் நினைத்துக்கொள்வேன். போனக்காடு எஸ்டேட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள், கொழுந்து பறிப்பவர், சொன்னார்: "மழையில நனைஞ்ச கையாட்டம் இருக்குதுங்க. விரல் என்னுதா செடியோடதான்னு தெரிய மாட்டேங்குது." அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மீன் விற்கும் கிழவி, "நான் மீனைத் தொட்டா இப்ப மீனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது" என்றார். எனக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. விரலுக்குள் சோடா ஊற்றியது போல இருக்கிறது என்று. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் நானும் அந்தப் பெஞ்சைச் சேர்ந்தவன் ஆகிவிடுவேன் என்று பயம்.

டாக்டர் கோட்டயத்துக்காரர், குள்ளமான மனிதர். தமிழைத் தன் மலையாளத்தோடு கலந்து தாராளமாகப் பேசுவார். "எவிடெ வேலை? அச்சு ஆபீஸோ? அப்போ ஈயம் தொடுமல்லே? வாய் திறக்கு." ஈறில் நீலக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார் (ஈயம் உடம்பில் ஏறினால் அப்படி வருமாம்). பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"பஞ்சு வச்சுத் தொடும். தெரிஞ்சா ஆம்னு சொல்லணும். தெரியலேன்னா மிண்டாதே, பேசாமே இரு."

இங்கேதான் அந்தத் தப்பைச் செய்தேன். எழுத்துப் பெட்டியைப் பார்க்காமல் எழுத்து எடுத்துப் பழகியவன் நான். இருபது வருடமாக என் கை தாளத்தில் போய் வருகிறது. டாக்டரும் தாளத்தில்தான் தொட்டார். கட்டைவிரல், ஒரு மூச்சு, அடுத்த விரல், ஒரு மூச்சு. சுண்டுவிரல் பக்கம் சாயும்போது அவருடைய நாற்காலி லேசாக முனகியது. நாற்காலி முனகியதும் "ஆம்" என்றேன். ஊசியின் முனையால் குத்திப் பார்த்தபோதும் அப்படியே. ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆம் சொன்னேன். பெருநோய் என்றால் தொடுவது தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆகையால் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் பெருநோய் இல்லை. என் கணக்கு இவ்வளவுதான்.

வராந்தாவில் கூட்டம். டாக்டர் நம்பினார். "உணர்ச்சி கொள்ளாம், நல்லா இருக்கு. ஈயமாவும். சாப்பிடறதுக்கு முன்னே சோப்பு போட்டுக் கை கழுகணும். பால் குடிக்கணும். ரெண்டு மாசம் கழிஞ்ஞு வா."

வெளியே வந்து வெயிலில் நின்றபோது ஜெயித்தவன் போலவும் இருந்தது, திருடியவன் போலவும் இருந்தது.

ஈயம் என்ற பேச்சு எனக்கு வசதியாகப் போயிற்று. வள்ளியைத் தூக்கச் சொன்னால், "ஈயக் கை, வேண்டாம்" என்பேன். குளித்துவிட்டு வந்தாலும் ஏதாவது சொல்லி நழுவுவேன். என் மனைவி செல்லம்மாள் அதை நம்பினாள். குழந்தை மேல் எவ்வளவு கரிசனம் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகவும் சொன்னாள். குழந்தை கவிழ்ந்தது, தவழ்ந்தது. நான் மூன்று அடி தள்ளி உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தேன், வலது கையால்.

இரண்டு மாதம் கழித்துப் போகவில்லை. நான்கு மாதமும் ஆயிற்று.

ஒரு காலை அடுப்படியில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் இடது கையை அடுப்பின் விளிம்பில் ஊன்றிவிட்டேன். செல்லம்மாள்தான் பார்த்தாள். அவள் தட்டிவிட்ட பிறகுதான் சுண்டுவிரலின் ஓரத்தில் தோல் வெந்திருப்பது எனக்கே தெரிந்தது.

அவள் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுட்டுது தெரியல்லியா?"

நான் கையை வேட்டி மடிப்பில் மறைக்கப் பார்த்தேன்.

"எவ்வளவு நாளா தெரியல்லை?"

"பிள்ளை பிறந்ததில இருந்து."

"அதுக்காக்கும் பிள்ளையைத் தூக்காம நடந்தியளா? ஈயம்னு சொன்னது பொய்யா?"

"பெருநோயா இருக்கும்னு..."

அவள் என் விரலில் விளக்கெண்ணெய் தடவினாள். தடவுவது எனக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கும் தெரியும். பிறகு சொன்னாள்: "எட்டு மாசம் ஒரே பாயில கிடந்தாச்சு. உங்க எச்சித் தட்டில நான் சாப்பிட்டாச்சு. இனி எதுக்கு எனக்கு ஒளிச்சு வைக்கணும்? வேட்டியை மாத்துங்கோ. நானும் வாறேன்."

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனோம். வழியெல்லாம் அவள் என் இடப்பக்கமே நடந்தாள்.

டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். விரலைப் பார்த்தார், வெந்த தோலைப் பார்த்தார். "உணர்ச்சி உண்டுன்னு எழுதியிருக்கே நான்" என்று தன் குறிப்பையே சந்தேகமாகப் பார்த்தார். "கண்ணை மூடு."

மறுபடி பஞ்சு. இந்த முறை தாளம் இல்லை. எங்கோ தொட்டார், நீண்ட நேரம் நிறுத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நிசப்தத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும் போல வாய் துடித்தது. வீட்டில் எல்லாம் தெரிந்த பிறகும் வாய் பழைய வேலையையே செய்தது. "ஆம்" என்றேன். கொஞ்சம் கழித்து, "ஆம்." நாற்காலி முனகியது. "ஆம்."

"கண்ணைத் திற" என்றார்.

திறந்தேன். டாக்டர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு மேசை மேல் இருந்தது.

"மூணு தடவை தொட்டது யாரு? பேயோ?"

செல்லம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கைதி போல எல்லாவற்றையும் சொன்னேன். தாளம், நாற்காலி, தபால்காரர். டாக்டர் கோபிக்கவில்லை. நாற்காலியை ஒரு முறை ஆட்டி அதன் முனகலைக் கேட்டுப் பார்த்தார்.

"இனி நீ பொய் பறைய முடியாத ஒரு டெஸ்ட்" என்று மேசையிலிருந்து ஒரு வெளிநோயாளிச் சீட்டை எடுத்தார். எங்கள் அச்சகத்தில் அடித்த சீட்டு. பேர், வயது, வீடு என்ற வரிகளை நானே கோத்திருக்கிறேன். அதை என் இரண்டு கைகளிலும் கொடுத்து, கட்டைவிரலை நீட்டி ஆள்காட்டி விரலின் ஓரத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு எதிர்ப்பக்கம் பிடித்து இழுத்தார்.

வலது கட்டைவிரல் நேராக நின்றது. இடது கட்டைவிரல் நுனிக் கணுவில் மடங்கிக் குனிந்தது. நேராக்க முயன்றேன். நேராக்கியதும் காகிதம் உருவிக்கொண்டு போயிற்று.

"பாத்தியோ? கட்டைவிரலைச் சேத்துப் பிடிக்கிற தசைக்கு வேலை இல்லை. அதனாலே வேறொரு தசையைக் கடம் வாங்கி வளைச்சுப் பிடிக்குது. இதை மனசு வச்சு மாத்த முடியாது." அவர் விளக்கினார்: கைக்கு மூன்று பெரிய நரம்புகள். அவற்றில் அல்னார் நரம்பு (முழங்கையின் பின்புறப் பள்ளத்தின் வழியாக இறங்கி வருவது, இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்வது போலிருக்கும் இடம் அதுதான்) சுண்டுவிரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் உணர்ச்சி தருகிறது. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் செய்யும் சிறு தசைகளும் அதன் கீழ்தான். அந்த நரம்பு வாடினால் கை இப்படி ஆகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருப்பதை அப்போதுதான் நான் பார்த்தேன். நூறு முறை கிள்ளிப் பார்த்தவன் ஒரு முறை கண்ணால் பார்க்கவில்லை.

"அந்த நரம்பு ஏன் வாடிச்சு? அதாக்கும் கேள்வி" என்றார். முழுக்கைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். முழங்கையின் பின்னால் விரலால் துழாவினார். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. அவர் முகம் சட்டென்று கவனமாயிற்று. பெருநோயிலும் அங்கேதான் தடிக்குமாம். முதுகு, தொடை, முகம் எல்லாவற்றிலும் நிறம் மாறிய தேமல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. ஆனாலும் காது மடலில் சிறு கீறல் போட்டுக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார்.

"அதாவே இருந்தாலும்," என்று செல்லம்மாளைப் பார்த்துச் சொன்னார், "இப்போ குளிகை உண்டு அம்மா. பண்டு போலே இல்லை. ஓடி ஒளியறதுதான் ஆபத்து, தீனத்தைக் காட்டிலும்."

பிறகு என்னிடம், "ரெண்டு கையையும் முன்னே நீட்டு. உள்ளங்கை மேலே" என்றார்.

நீட்டினேன். வலது கை நேராகப் போயிற்று. இடது கை முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு தன் வழியே போயிற்று.

"இது எப்போ ஒடிஞ்சது?"

"ஒன்பது வயசில. புளியமரத்தில இருந்து விழுந்தேன். வைத்தியர் மூங்கில் வச்சுக் கட்டினார்."

"ஏன் முன்னமே சொல்லலை?"

"நீங்க விரலைத்தானே கேட்டிய, டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "இருவத்தஞ்சு வருஷமா முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சிருக்கார் அல்லே?"

"கலியாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் முழுக்கைச் சட்டைதான்" என்றாள் செல்லம்மாள். அன்று அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

சிறு வயதில் கோணலாகச் சேர்ந்த எலும்பு, கையை நீட்டி மடக்கும்போதெல்லாம் நரம்பை இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறது. அன்று விழுந்ததன் விளைவு இத்தனை வருடம் கழித்து வந்து சேரும் என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் காது மடல் பரிசோதனையின் முடிவு வர நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளும் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் எனக்குச் சம்பந்தமில்லாத வண்டிகள் வருவதைப் பார்த்தேன். செல்லம்மாள் குழந்தையை என் மடியில் வைக்க வந்தாள். "முடிவு வரட்டும்" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. என் தட்டை மட்டும் தன் தட்டோடு சேர்த்தே கழுவினாள், நான் பார்க்கும்படியாக.

ஐந்தாம் நாள் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை. பேடிக்கண்டா, பயம் வேண்டாம்" என்றார். நாங்கள் வராந்தாவுக்கு வந்ததும் செல்லம்மாள் இடுப்பிலிருந்த வள்ளியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். எட்டு மாதக் குழந்தைக்கு என்ன கனம் என்று எனக்குத் தெரியாது. இடது கை அவளைத் தாங்கியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் அவள் முதுகில் இருந்ததாகக் கண் சொன்னது, விரல்கள் சொல்லவில்லை. அவள் புது ஆளைக் கண்டது போல அழுதாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. ஈதர் என்ற மயக்க மருந்தின் வாசனையும், ஒன்று இரண்டு என்று எண்ணச் சொன்ன நர்ஸின் குரலும் மட்டுமே ஞாபகம். முழங்கையின் பின்புறப் பள்ளத்திலிருந்து நரம்பை எடுத்து முன்பக்கம் சதைக்குள் வைத்தார்கள், இனி இழுபடாத இடத்தில். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று நான் முதலில் சுண்டுவிரலைக் கிள்ளினேன். ஒன்றுமில்லை.

டாக்டரிடம் சண்டைக்குப் போவது போலப் போனேன். அவர் என் முன்கையைத் திருப்பி, முழங்கையிலிருந்து கீழ்நோக்கித் தன் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தட்டியதும் சுண்டுவிரலில் சுரீர் என்றது.

"அது எவிடெயோ அவிடெ வரை நரம்பு வளர்ந்து வந்தாச்சு. மாசம் ஒரு அங்குலம். கூடுதல் கேக்காதே, அது கேக்காது. மாசம் ஒரு தடவை தட்டிப் பாரு. நாளுக்கு நூறு தடவை அல்ல."

அச்சகத்தில் எங்களுக்கு அளவு என்றால் உயிர். இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். வடுவிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை பதினைந்தரை அங்குலம். மாதம் பிறக்கும் நாளில் தட்டிப் பார்த்து, சுரீர் என்ற இடத்தில் நனைத்தால் மை போலப் பதியும் காப்பியிங் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். முதல் சில மாதம் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே நான் பைத்தியம் பிடித்தவன் போல இருந்தேன். ஐந்தாம் மாதம் புள்ளி நகரவே இல்லை. ஆறாம் மாதம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து நகர்ந்திருந்தது. குட்டன் பிள்ளை என்னை எழுத்துக் கோர்ப்பதிலிருந்து எடுத்துப் பிழை திருத்த உட்கார வைத்தார். "எடோ, நினக்கு இனி கை வேண்டா, கண்ணு மதி, அது போதும்" என்றார். முதலில் சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது.

புள்ளி முன்கையின் நடுவில் இருந்தபோது வள்ளி எழுந்து நடந்தாள். மணிக்கட்டை நெருங்கியபோது அம்மா என்றாள், சேட்டா என்றாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கற்றுக்கொடுத்ததை எல்லாம் சொன்னாள். எந்த மாதம் அவள் என்ன செய்தாள் என்று கேட்டால் நான் இப்போது நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன்.

எல்லாம் திரும்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலுக்கு அருகே உள்ள குழி பாதிதான் நிரம்பியிருக்கிறது. காகிதத்தைப் பிடித்து இழுத்தால் கட்டைவிரல் இன்னும் குனிகிறது, முன்பைவிடக் குறைவாக. சட்டைப் பையில் கையை விடும்போது சுண்டுவிரலை மற்ற விரல்களோடு சேர்க்க ஒரு கணம் நினைக்க வேண்டியிருக்கிறது. இப்போது அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன்.

வள்ளிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. நான் கையைத் தட்டிப் பார்ப்பதைப் பார்த்து அவளும் ஒரு விளையாட்டுக் கற்றுக்கொண்டாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் விரலாகத் தொடுவாள். தெரிந்தால் நான் ஆம் என்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தாளம் கிடையாது. தொடுவாள், மறந்துபோய் வேறெங்கோ பார்ப்பாள், திரும்பி வருவாள்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தோம். கட்டைவிரலைத் தொட்டாள், "ஆம்" என்றேன். பிறகு ஒன்றுமில்லை. முன்பு என்றால் அந்த நிசப்தத்தை என்னால் தாங்க முடிந்திருக்காது. காக்கை கத்தியது, செல்லம்மாள் அம்மியில் எதையோ நகர்த்தினாள். நான் காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து மோதிர விரலில், சுவருக்கு அந்தப்புறம் யாரோ தட்டியது போல ஏதோ ஒன்று.

"ஆம்" என்று கண்ணைத் திறந்தேன்.

அவள் பிடித்துக்கொண்டிருந்தது சுண்டுவிரலை. அவள் தொட்டது பக்கத்து வீட்டுக்கு, மோதிர விரலுக்கு, வந்து சேர்ந்திருக்கிறது. சரி, இன்னும் ஒரு மாதம் ஆகட்டும் என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.